அண்ணிக்கு ஓட்டுக் கேட்ட கதை

1

எங்கள் ஊருக்குப் புது பிரசிடெண்ட் வந்து எட்டு மாதமாகிறது. கூடப் பிறந்த அண்ணன் என்னோடு பேசி நாலு மாதமாகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். 'மலேசியாவுக்குப் போனதும் மல்லிகாவுக்குத் தலைகால் புரியவில்லை' என்பது அதில் கொஞ்சம் மரியாதையான பேச்சு. மற்றதை எழுத முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

மலேசியா என்றதும் இரட்டைக் கோபுரம் உங்கள் கண்ணில் வரும். கல்யாணமாகி வந்த பதினாலு வருடத்தில் அந்தக் கோபுரத்தை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். நான் இருப்பது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். விடியற்காலையில் வாளித் தண்ணீரைத் தொட்டால் கை விறைத்துப்போகும். வீட்டுக்காரர் சேகர், பக்கத்துத் திரிங்காப் ஊரில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்கு லோரி ஓட்டுகிறார். அவருடைய பாட்டனார் இங்கே கொழுந்து கிள்ள வந்தவர். இப்போது கொழுந்து வெட்டுகிறவர்கள் பங்களாதேஷ்காரர்களும் நேப்பாளிகளும். எங்கள் பெண்களுக்கு ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. எனக்கும் அதுதான்.

ஒரு மேசைக்கு மூன்று பேர். ஒருத்தி அட்டைப்பெட்டியை நிமிர்த்துவாள், ஒருத்தி தேத்தூள் பைகளை எண்ணி அடுக்குவாள், ஒருத்தி மூடி ஒட்டுவாள். கை பாட்டுக்கு நடக்கும். ஆகையால் நாள் முழுக்க வாய்க்குத்தான் வேலை. எங்கள் மேசையில் பெட்டி நிமிர்த்துவது பார்வதி அக்கா. ஐம்பது தாண்டியவர், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர். மூடி ஒட்டுவது சாந்தி, என்னைவிடச் சின்னவள், கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள். எண்ணி அடுக்குவது நான். என் மகள் யாழினி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. சாந்தியின் பிள்ளைகளும் பார்வதி அக்காவின் பேத்தியும் அதே பள்ளி.

2

என் அண்ணன் தங்கராசுவுக்குப் பத்து வருடமாகப் பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஆசை. இந்தத் தடவை எல்லாம் கூடி வந்த நேரத்தில் எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். மூன்றாம் நாள் அண்ணியை நிறுத்துவது என்று முடிவு செய்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒன்றும் அடுப்படியிலிருந்து நேராக மேடைக்கு வந்தவர் இல்லை. மகளிர் குழுவுக்குத் தலைவி. ஐந்து வருடம் வார்டு மெம்பர். எங்கள் தெருவில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி, அண்ணி ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்து கொண்டுவந்தது. ஆனால் ஊரில் அதற்குத் 'தங்கராசு தொட்டி' என்று பெயர்.

அண்ணன் போன் செய்தான். "மல்லி, நம்ம ஊர் குரூப்புல போடுறதுக்கு நீ ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசி அனுப்பு. வெளிநாட்டுலேருந்து பேசுனா ஒரு மதிப்பு இருக்கும். உனக்குத்தான் ஓட்டு இல்லையே, பேசவாச்சும் செய்."

அவன் சொன்னது சரிதான். ஊர்ப் பட்டியலில் என் பெயரை எடுத்து வருடங்களாகிறது. இங்கே நான் வெளிநாட்டு மனைவி. தங்கும் அனுமதிப் பாஸைப் புதுப்பித்துப் புதுப்பித்துத்தான் இருக்கிறேன். புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் சேகர் லோரிக்கு லீவு போட்டுவிட்டுக் கவுண்டரில் என் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். இவள் என் மனைவிதான் என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு முத்திரை விழும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் என் பாஸ் தேதியைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

டீ நேரத்தில் ஃபேக்டரிக்குப் பின்னால், லைன் நன்றாகக் கிடைக்கும் மேட்டில் நின்று பேசினேன். "எல்லாருக்கும் வணக்கம். தங்கராசு தங்கச்சி மல்லிகா, மலேசியா கேமரன் மலை டீ எஸ்டேட்லேருந்து பேசுறேன்..." என்று ஆரம்பித்து, அண்ணன் ஊருக்குச் செய்ததையெல்லாம் சொல்லி, ஆட்டோ ரிக்‌ஷா சின்னத்தில் ஓட்டுப் போட்டு எங்கள் அண்ணனை ஜெயிக்க வைக்க வேண்டும் என்று முடித்தேன். ஒரே மூச்சு. திக்கவில்லை, திணறவில்லை. அனுப்பிவிட்டு மேசைக்கு வந்து பெருமையாகப் போட்டுக் காட்டினேன்.

பார்வதி அக்காவுக்கு முதல் சந்தேகம் வேறு. "பிரசிடெண்ட் எலெக்‌ஷனா? அமெரிக்காவுலயா?"

இங்கே ராஜா உண்டு, பிரதமர் உண்டு, பிரசிடெண்ட் கிடையாது. "இல்லக்கா, எங்க கிராமத்துக்கு. இங்க கெத்துவா கம்போங் இருக்காருல்ல, அது மாதிரி. ஆனா நாங்க ஓட்டுப் போட்டு எடுப்போம்" என்றேன்.

சாந்தி மூடி ஒட்டுவதை நிறுத்தவில்லை. "அக்கா, யாரு நிக்கிறதுன்னு சொன்னீங்க?"

"எங்க அண்ணி."

"அவங்க பேரே வரலயேக்கா இதுல. உங்கண்ணன் பேரு மூணு வாட்டி வந்துச்சு. உங்க பேரு வந்துச்சு. நம்ம டீ எஸ்டேட் கூட வந்துச்சு."

மறுபடி போட்டுக் கேட்டேன். அண்ணி பெயர் ஒரு தடவைகூட இல்லை. வேண்டுமென்று விட்டதில்லை. அவர் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அண்ணி. ஊருக்குத் தங்கராசு பொண்டாட்டி. மூத்தவர் பெயரைச் சொல்வது மரியாதைக் குறைச்சல் என்று சொல்லி வளர்த்த வாய். ஓட்டுக் கேட்கிற இடத்திலும் அதே மரியாதையைக் கொடுத்துத் தொலைத்துவிட்டேன். 'வளர்மதி' என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். யாரோ பள்ளிக்கூடத்து டீச்சர் பெயர் போல் இருந்தது.

"பேரு வந்தா என்னா, வராட்டி என்னா?" என்றார் பார்வதி அக்கா. "செயிச்சா அண்ணன்காரர்தானே எல்லாத்தையும் பாக்கப் போறாரு. பொம்பளைக்கு எதுக்குலா அந்தச் சூசா, அந்தத் தொல்லை. இங்க கோயில் கமிட்டியில பாக்குறோமே, ஆம்பளைங்களே நாலு பேரு கூடுனா நாற்காலி பறக்குது."

"அப்ப அவரே நிக்க வேண்டியதுதானே?" என்றாள் சாந்தி.

"அவர் நிக்க முடியாது. பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கியிருக்கு" என்றேன்.

"ஓ. ஒதுக்குறது பொம்பளைக்கு, உக்கார்றது ஆம்பளை. நல்லாருக்குலா உங்க சட்டம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நம் ஊரை நாம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், அடுத்தவர் திட்டினால் பொறுக்காது. "நாங்க ஓட்டாச்சும் போடுறோம். உங்க கெத்துவா கம்போங்குக்கு யார் ஓட்டுப் போட்டா?"

"யாரும் போடல. அதான் அவர எப்ப வேணா திட்டிக்கிறோம். நீங்க ஓட்டும் போட்டுட்டு, ஒக்காந்தவரத் திட்டவும் முடியாது, அவரு ஓட்டு வாங்குனவரே இல்லையே" என்றாள் சாந்தி. அதோடு விடாமல், "என் ஐசி அடையாள அட்டைய எடுத்துப் பாருங்க. என் பேரு, எங்கப்பா பேரு. கட்டுனவரு பேரு எங்கயும் இல்ல. உங்க அண்ணிய என்னான்னு கூப்பிடுறாங்க? தங்கராசு பொண்டாட்டி. அப்ப அந்தம்மா எங்க நிக்கிது?" என்றாள்.

"உனக்குக் கட்டுனவன் வாயில்லாத பூச்சி, நீ பேசுற" என்றார் பார்வதி அக்கா. "நாளைக்கு அந்தப் பொண்ணு நாற்காலியில ஒக்காந்துக்கிட்டு, ஊட்டுல புருசன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா, ஓட்டுப் போட்டவனா வந்து சமாதானம் பண்ணுவான்? குடும்பம்னு ஒண்ணு இருக்குலா."

அன்று சாயங்காலம் வரை இதே பேச்சு. சூப்பர்வைசர் வந்து பெட்டி குறைகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

3

மறுநாள் அண்ணியே கூப்பிட்டார்.

"நல்லாப் பேசுன மல்லிகா. எல்லாரும் சொன்னாங்க. பஸ் ஸ்டாப்புல கூட போட்டுக் கேட்டுக்கிட்டிருந்தாங்க." அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். "எம் பேர ஒரு வாட்டி சொல்லியிருக்கலாம்ல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இன்னொரு தடவை பேசி அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அவர் கேட்டது வேறு.

"செயிச்சா நான்தான் உக்காரணும்னு நெனைக்கிறேன். மெம்பரா இருந்த அஞ்சு வருசமும் கூட்டத்துக்கு உங்கண்ணன்தான் போனாரு. ரிஜிஸ்டர வீட்டுக்குக் கொண்டாந்து எங்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டுப் போவாங்க. அடுப்புல உல வச்சுட்டு வந்து போடுவேன். இந்தத் தடவ அப்படி முடியாது மல்லிகா. எனக்கு அந்த வேல தெரியும். எங்க எந்த மனுக் குடுக்கணும், யாரப் பாக்கணும், எல்லாம் தெரியும். நான் சொன்னா உங்கண்ணனுக்கு ஏறாது. நீ சொன்னா கேப்பாரு. நீ செல்லத் தங்கச்சி."

சொல்கிறேன் அண்ணி என்றேன். வாக்குக் கொடுப்பது எவ்வளவு சுலபம். கொதிக்கிற குழம்பைக் கிண்டிக்கொண்டே கொடுத்துவிட்டேன்.

4

அண்ணி ஜெயித்தார். வித்தியாசம் கொஞ்சம்தான். மாலை போட்ட படம் வந்தது: நடுவில் அண்ணன் கழுத்து நிறைய மாலை, பக்கத்தில் அண்ணி ஒற்றை மாலையுடன். ஃப்ளெக்ஸ் போர்டில் அண்ணன் ஆளுயரத்துக்குக் கை கூப்பி நிற்க, அண்ணி மேல் மூலையில் வட்டத்துக்குள் இருந்தார். சாந்தி போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

இதற்கு நடுவே யாழினி வயதுக்கு வந்தாள். சடங்கை மே மாதக் கடைசியில் பள்ளி விடுமுறையில் வைப்பதாக முடிவாயிற்று. தாய்மாமன் இல்லாமல் சடங்கா? அண்ணன் சீரோடு வருவதாகச் சொல்லி டிக்கெட்டும் போட்டுவிட்டான். பதினாலு வருடத்தில் என் பிறந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் இந்த மலைக்கு ஏறி வரப்போவது அதுதான் முதல் தடவை. சபையில் என் பக்கம் நிற்க எனக்கு ஆளில்லை என்பது இங்கே எல்லா நல்லது கெட்டதிலும் எனக்குக் குறைதான். வீட்டுக்கு வெள்ளையடித்தேன். அண்ணனுக்குக் குளிர் ஆகாது என்று தானா ராத்தா டவுனில் கம்பளிச் சட்டை வாங்கி வைத்தேன்.

யாழினிக்குச் சடங்கே பிடிக்கவில்லை. "மாலு லா மா, வெக்கமா இருக்கு. கூட்டாளிங்கள்லாம் சிரிப்பாங்க" என்றாள். அவள் பேச்சில் தமிழும் மலாயும் இங்கிலீஷும் ஒரே தட்டில் இருக்கும். தாய்மாமன் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கவே ஒரு நாள் ஆனது. "உங்க அண்ணன் வந்து எனக்கு ஏன் மால போடணும்? எனக்கு அவரத் தெரியாதே" என்றாள். போனில் பார்த்த முகம்தானே அவளுக்கு.

எனக்கு அப்படி இல்லை. அப்பா போன பிறகு என்னை வளர்த்தது அண்ணன். சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அறந்தாங்கி வரை மிதித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவன். நான் விமானம் ஏறிய அன்று திருச்சியில் கண்ணாடிக்கு வெளியே நின்று, நான் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தான். அவன் கெட்டவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மே தினத்தன்று எங்களுக்கும் லீவு. ஊர் குரூப்பில் கிராம சபைக் கூட்டத்து வீடியோ வந்தது. பள்ளிக்கூட மரத்தடி. மேசைக்குப் பின்னால் நடு நாற்காலியில் அண்ணன். பக்கத்தில் கிளார்க்கும் அதிகாரிகளும். அண்ணி எங்கே என்று தேடினேன். கீழே விரிப்பில், மகளிர் குழுப் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஏதோ சொல்ல, கிளார்க் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கி அவரிடம் வந்தார். அண்ணி மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு இடத்தை மட்டும் நான் நாலைந்து தடவை பார்த்தேன்.

அன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணே, நாற்காலியில அண்ணி உக்கார வேணாமா?"

சிரித்தான். "அவளே கூச்சப்படுறா மல்லி. ஆம்பளைங்க கூட்டத்துல அவ எப்படி உக்காருவா? எல்லாம் அவ பேர்லதான நடக்குது. நீ சடங்கு வேலையப் பாரு. புடவை எடுத்தாச்சு, வளர்தான் கலரு பாத்தா."

"அவங்களுக்குக் கூச்சம் இல்லண்ணே. எங்கிட்டச் சொன்னாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன சொன்னா?" என்றான். நான் தடுமாறி ஏதோ சொல்லி மழுப்பினேன். போனை வைத்துவிட்டான். அண்ணிக்கு நல்லது செய்யப் போய்க் கோள் மூட்டின மாதிரி ஆகிவிட்டது. அன்று அங்கே என்ன நடந்திருக்கும் என்று இரண்டு நாள் நினைத்து நினைத்துப் பார்த்தேன். அண்ணி போனை எடுக்கவில்லை.

5

மூன்றாம் நாள் மேசையில் வீடியோவைக் காட்டினேன். எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"நீங்கதானேக்கா ஓட்டுக் கேட்டீங்க? நீங்களே கேளுங்க. எந்த குரூப்புல ஓட்டுக் கேட்டீங்களோ அதுலயே கேளுங்க" என்றாள் சாந்தி.

"அண்ணன் சடங்குக்கு வரணும்டி."

"அது வேற, இது வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீ இங்க பொறந்தவ. கோவிச்சுக்கிட்டா அடுத்த லைன்ல உங்கம்மா வீடு. எனக்கு யார் இருக்கா?" குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாந்தி வாயை மூடிக்கொண்டாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

பார்வதி அக்கா என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெட்டியை நிமிர்த்தி நிமிர்த்தி வைத்துக்கொண்டே இருந்தார். நான் அடுக்குவதற்கு மேல் பத்துப் பெட்டி சேர்ந்துவிட்டது. அப்புறம் சொன்னார்.

"எம் மவன் படிக்கையில பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்துக்கு என்னையத் தலைவியா நிக்கச் சொன்னாங்க. பெரிய வாத்தியாரே வந்து கேட்டாரு. பேரு கூட எழுதியாச்சு. ஊட்டுல வந்து சொன்னேன். அவரு வையல, அடிக்கல. சோத்துத் தட்டத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சாரு. அவ்வளவுதான். மறுநாளு போயி எம் பேர நானே அடிச்சிட்டு வந்தேன். இப்ப அவரும் போயிச் சேந்து ஏழு வருசமாச்சு. அந்தத் தட்டு மட்டும் இன்னும் எங் கண்ணுல நிக்கிது."

நாங்கள் இருவரும் அவரையே பார்த்தோம். இத்தனை வருடமாக ஒரே மேசை, இந்தக் கதையை அவர் சொன்னதில்லை.

"பொம்பளைக்கு எதுக்குன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க" என்றேன்.

"எனக்குக் கெடைக்கல, அதான் சொன்னேன். வேற என்னா சொல்லச் சொல்ற?" என்றார். "நீ பேசுனா உங்கண்ணன் வரமாட்டாரு. அதையும் தெரிஞ்சுக்க. பேசிட்டு அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தாத. பேசாம இருந்தாலும் தப்பில்ல. ஆனா ரெண்டும் வேணும்னு நிக்காத, அது நடக்காது."

சாப்பாட்டு நேரத்தில் மேட்டுக்குப் போனேன். தூறல். ஃபேக்டரிச் சுவரோரம் ஒதுங்கி நின்று பேசினேன். இந்தத் தடவை திக்கியது.

"எல்லாருக்கும் வணக்கம். மல்லிகா பேசுறேன். முந்தி பேசுனப்ப ஒரு தப்புப் பண்ணிட்டேன். எங்க அண்ணி பேரச் சொல்லல. அவங்க பேரு வளர்மதி. நீங்க ஓட்டுப் போட்டது வளர்மதிக்கு. பிரசிடெண்ட் வளர்மதி. அண்ணே, நீ எனக்கு அப்பா மாதிரி. நீ ஊருக்கு நல்லதுதான் செய்வ. ஆனா அந்த நாற்காலி உன்னுது இல்லண்ணே. அதுல அண்ணி உக்காரட்டும். நீ பக்கத்துல நில்லு. அவங்க இவ்வளவு நாளா நின்னாங்கள்ல."

அனுப்பும் பொத்தானை அமுக்கினேன். அனுப்பிய பிறகு அழிக்கலாமா என்றும் பார்த்தேன். அதற்குள் பலர் கேட்டுவிட்டார்கள்.

6

குரூப்புக்கு அட்மின் அண்ணன்தான். அரை மணி நேரத்தில் நான் குரூப்பில் இல்லை.

சாயங்காலம் சேகருக்கு ஒரே ஒரு போன். "மாப்ளே, டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன். உங்க வீட்டுல பேசச் சொல்லிக் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியாது. நல்லாருங்க." சேகர் பாவம், லோரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "நீ சொன்னது ஞாயம்தான். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் சொல்லியிருக்கலாம்லா" என்றார். சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். அதனால்தான் சொல்லவில்லை.

அண்ணியிடமிருந்து வந்தது ஒரு வரி. 'தனியாச் சொல்லச் சொன்னா ஊரையே கூட்டிட்டியே.' அதுதான் என்னை நிஜமாகவே சுட்டது. அவர் கேட்டது அண்ணன் காதில் ஒரு சொல். நான் செய்தது ஊர் முழுக்கத் தண்டோரா. நான் இங்கே மலை மேல் உட்கார்ந்துகொண்டு பேசிவிட்டேன், அவர் அதே வீட்டில் அதே மனுஷனுக்குச் சோறு போட வேண்டும். அதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

யாழினி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமா வரலயா? அப்ப சடங்கு இல்லல்ல? பாகுஸ், நல்லதாப் போச்சு" என்றாள். அறைந்திருப்பேன். அதற்குள், "அம்மா, ஒங்க வாய்ஸ் கேட்டேன். அத்தை பேரு வளர்மதியா? எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதே இல்லையே.

சடங்கை நிறுத்தவில்லை. மாமியார் வீட்டு ஆட்கள் நிறைய வந்தார்கள். என் பக்கம் நிற்கத்தான் ஆளில்லை. தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய்க்கும் அறந்தாங்கிப் பக்கம்தான் ஊர். பாஸ் வேலையாகப் போகும்போதெல்லாம் அவர் கடையில் டீ குடித்துவிட்டு ஊர்க்கதை பேசிவிட்டு வருவோம். சாந்தி போய் அவரிடம் என்ன சொன்னாளோ, பெஞ்சாதியோடு வந்துவிட்டார். பழத்தட்டும் புடவையும் கையில். "ஊர்க்காரன் ஒருத்தன் இருக்கயில தங்கச்சி சபையில தனியா நிக்கிறதா?" என்று சொல்லித் தட்டை நீட்டினார். என் மாமியாருக்கு முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. நான் வாங்கிக்கொண்டேன். பார்வதி அக்கா என் பின்னால் நின்று முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். மூக்கைச் சிந்தாதே என்று சொன்னவர் அவர்தான், அவர் தோளில்தான் சிந்தினேன். அண்ணனுக்கு வாங்கிய கம்பளிச் சட்டையைக் காதர் பாயிடம் கொடுத்துவிட்டேன்.

7

ஜூன் போனது, ஜூலை போனது. ஊரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அண்ணன் நம்பரைக் கூப்பிட்டால் மணி அடிப்பதேயில்லை. அண்ணி நம்பரும் அப்படித்தான். ஒருநாள் பஸ்ஸில் வரும்போது, இந்த நம்பர் இரண்டையும் நான் வெறுமனே அமுக்கிக்கொண்டிருக்கிறேன், அங்கே என் நம்பரையே தடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது உறைத்தது. பேக்கிங் மேசையில் சாந்தி ஊரைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் செய்தது சரியா, தப்பா என்று அவளும் பார்வதி அக்காவும் எனக்குத் தெரியாமல் விவாதித்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. பார்வதி அக்கா சரி என்றாராம். தூண்டிவிட்டதற்காகச் சாந்தி வருத்தப்பட்டாளாம்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபை முடிந்த மறுநாள், மகளிர் குழுவில் இருக்கும் என் பள்ளித் தோழி ஒருத்தி வீடியோ அனுப்பினாள். அதே மரத்தடி, அதே மேசை. குழுப் பெண்கள் நேரமே வந்து முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். என் வாய்ஸ் மெசேஜ் அவர்கள் போன்களில் எல்லாம் இருக்கிறதாம். அண்ணன் அன்று கூட்டத்துக்குப் போகவில்லை. நடு நாற்காலி வெறுமனே கிடந்தது. அண்ணி விரிப்பில் உட்காரப் போனார். ஒரு கிழவி எழுந்து, "வளர்மதி, எங்க எடத்தப் புடிக்காத, ஒன் எடத்துக்குப் போ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். தீர்மானத்தை அவரே எடுத்துப் படித்தார். குரல் ஆடவில்லை.

மேசையில் போட்டுக் காட்டினேன். பார்வதி அக்கா, "தெகிரியமான கெழவி" என்றார். போனைக் கொஞ்ச நேரம் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"மல்லிகா, நான்தான். பஞ்சாயத்து ஆபீஸ்லேருந்து பேசுறேன்."

அண்ணியின் குரல். "உக்காந்துட்டுத்தானே பேசுறீங்க?" என்று கேட்டேன்.

"உக்காந்துட்டுத்தான்" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. யாழினி எப்படி இருக்கிறாள், சடங்கு எப்படி நடந்தது என்று கேட்டார். சொன்னேன். எடுத்த புடவை பெட்டியிலேயே இருக்கிறது, எப்படியாவது அனுப்புகிறேன் என்றார். என் மேல் கோபமா என்று கேட்டேன். "இருந்துச்சு" என்றார்.

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"இருக்காரு. சாப்புடுறாரு, வயலுக்குப் போறாரு. இங்க வர்றதில்ல. வீட்டுல ஒன் பேச்ச எடுக்கக் கூடாது. எம் போனுல ஒன் நம்பர அவருதான் பிளாக் பண்ணி வச்சிருந்தாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுக்குக் கூப்பிடாத மல்லிகா. பேசணும்னு தோணுனா இந்த நம்பருக்குக் கூப்புடு. நான் இங்க இருக்கிற நேரத்துல."

எந்த நேரம் என்று கேட்டேன். சொன்னார். பெட்டி அட்டையைக் கிழித்து எழுதிக்கொண்டேன்.

அம்மா அப்பா இல்லாத எனக்குத் தாய்வீடு என்பது அந்த ஒரு வீடுதான். அது இப்போது காலை பத்து மணிக்குத் திறக்கிறது. எங்கள் நேரத்துக்குப் பன்னிரண்டரை, சரியாகச் சாப்பாட்டு நேரம். மாலையில் சாத்திவிடுகிறார்கள். சனி, ஞாயிறு விடுமுறை.